முப்பதாயிரத்து முப்பத்தொன்று

சங்குமுனையில் ஏழு வருஷமாக வறண்டு கிடந்த ஊர்க்கிணறு ஒரு புதன்கிழமை விடிந்ததும் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது. பொழுது சாயும்வரை முப்பதாயிரத்து முப்பத்தொரு குடம் கொடுத்தது. அதற்கு அடுத்த குடத்தை இறக்கியபோது அடியில் ஈரம்கூட இல்லாமல் அது பாறையில் மோதிக்கொண்டு வெறுமையாக ஏறி வந்தது. மறுநாளும் அதே கணக்கு, அதற்கு மறுநாளும் அதே கணக்கு. மழை கொட்டிய நாளிலும், காற்று மணலை அள்ளி வீசிய நாளிலும், வேண்டுமென்றே பாதிக் குடமாக மொண்டு பார்த்த நாளிலும் ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஊர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. ஒருநாள் வலை கிழியக் கொடுத்து மறுநாள் ஆளையே விழுங்குகிற கடலோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு, தினமும் ஒரே கணக்காகக் கொடுக்கிற கிணறு யோக்கியமான கிணறாகத்தான் தெரிந்தது. நாற்பது ராட்டினம் மாட்டி இறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கணக்குப் பார்க்கப் பாவுலுவை உட்கார வைத்தார்கள். வள்ளத்தைக் கரை ஏற்றும்போது உருளைக்கட்டையில் சிக்கி ஒரு காலை இழந்தவர், எட்டாம் வகுப்புவரை படித்தவர், பிறரிடம் அதிர்ந்து பேசாதவர். இந்த மூன்றும் போதும் என்று ஊர் முடிவு செய்தது. இடப்பக்கம் ஒரு சாக்கில் எண்ணி வைத்த முப்பதாயிரத்து முப்பத்தொரு சோழி, வலப்பக்கம் ஒரு காலிச் சாக்கு. குடம் ஏறும்போதெல்லாம் ஒரு சோழி இங்கிருந்து அங்கே போகும். பொழுது சாயும்போது ஊர்த்தலைவர் கஸ்பார் தோளில் துண்டோடு வந்து நின்று, "மிச்சம்?" என்று கேட்பார்.

"ஒண்ணு" என்பார் பாவுலு.

அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்றால், கூறு போடுவதிலிருந்து வந்தது. சங்குமுனையில் கடலிலிருந்து எது வந்தாலும் மணலில் கூறு போட்டுத்தான் பங்கு. வள்ளத்தில் எத்தனை பேரோ அத்தனை கூறு, எல்லாம் சமமாக இருக்க வேண்டும், சமமாகப் போட்டபின் மிஞ்சுகிற மீன் ஊரில் பங்கே இல்லாத ஆளுக்குப் போக வேண்டும். மிச்சத்தைத் தன் கூறில் சேர்த்துக்கொண்டவனும் சரி, மணலில் வீசியவனும் சரி, அடுத்த முறை கடலுக்குப் போனால் திரும்ப மாட்டான் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். முறையை மீறுகிற ஊர் அல்ல அது. அங்கே நடந்த கொடுமையெல்லாம் முறைப்படிதான் நடந்தது.

பங்கே இல்லாத ஆள் ஊரில் ஒருத்திதான். இன்னாசியாள். அவள் புருஷன் சூசை மூன்று வருஷத்துக்கு முன் ஒன்பது பேர் ஏறிய வள்ளத்தில் சுக்கான் பிடித்துக்கொண்டு போனான். எட்டுப் பேர் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள், சூசை மட்டும் ஒதுங்கவில்லை. எட்டு விதவைகளுக்கும் செத்தவர் பங்கு கிடைத்தது. பிணம் காட்டாதவளுக்கு எந்தப் பங்கும் கிடையாது என்றது முறை. எட்டுப் பேரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அவன் எங்கேயோ உயிரோடு வாழ்கிறான் என்றது ஊர். அவளோ, உயிரோடு இருந்தால் வருவான், செத்திருந்தால் ஒதுங்குவான், எதுவானாலும் இங்கேதான் என்று, கடைசிக் குடிசையில் கடலைப் பார்த்துக்கொண்டு, நெத்தலி மீன் காயப்போடும் கூலிக்குப் போய்க் காலம் தள்ளினாள். கிணறு சுரந்ததும் வெளியூர்த் தண்ணீர் வண்டி நின்றுபோனதால் அந்த மிச்சக் குடம்தான் அவளுக்குச் சோறாக்க, குடிக்க, எல்லாவற்றுக்கும். பாவுலு குடத்தை நகர்த்தி வைப்பார். "வாரேண்ணே" என்று இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு, ஆனால் பகல் முழுக்கச் சோழி தள்ளிய கைக்கு அந்த ஒரு சொல் தேவையாக இருந்தது.

முதலில் ஊரை வடகரை, தென்கரை என்று இரண்டு கூறாக்கியிருந்தார்கள். கூறுக்குப் பதினைந்தாயிரத்துப் பதினைந்து குடம், மிச்சம் ஒன்று. கஸ்பாரின் மனைவி மர்சலீனாளுக்கு அது பொறுக்கவில்லை, ஏனென்றால் கரை ஒதுங்கிய எட்டில் ஒன்று அவளுடைய தம்பி. நாமெல்லாம் வேகாத வெயிலில் கயிறு இழுக்கிறோம், என் தம்பியை முழுங்கியவன் பெண்டாட்டிக்குக் கிணறே அளந்து கொடுக்கிறது என்று வீட்டில் சொன்னாள், கோயில் முற்றத்தில் சொன்னாள், மீன் அரிகிற இடத்தில் சொன்னாள். சரி, மிச்சம் இல்லாமல் பிரித்துவிட்டால் போயிற்று, முறையும் கெடாது என்றார் கஸ்பார். மூன்று கூறாக்கினார்கள், கூறுக்குப் பத்தாயிரத்துப் பத்து வந்து ஒன்று மிஞ்சியது. ஐந்தாக்கினார்கள், ஒன்று மிஞ்சியது. ஏழாக்கினார்கள், பதினொன்றாக்கினார்கள், தெருவைக் குறுக்கே வெட்டி அண்ணனை ஒரு கூறிலும் தம்பியை ஒரு கூறிலும் போட்டுப் பதின்மூன்றாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் அதே ஒரு குடம், ஏதோ அவளுக்காகவே இருந்ததுபோல, கிணற்றடியில் தனியாக நின்றது.

பதின்மூன்றுக்கு மேல் ஊருக்கு வழி தெரியவில்லை. ஊரின் பெரிய வள்ளத்தில் பதின்மூன்று பேர்தான் ஏறுவார்கள். நான்கு பேர் தூக்குவது பாடை, எட்டும் ஒன்பதும் அந்த வள்ளத்தோடு போய்விட்ட எண்கள். மற்றபடி இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று வள்ளங்களில் இருக்கை இருந்த அளவுக்குத்தான் அவர்களுக்குக் கூறு தெரியும். அதனால் இது பிரிக்கவே முடியாத எண் என்று பாதி ஊர் நம்பிவிட்டது. மர்சலீனாள் நம்பவில்லை. அவள் பேச்சைக் கேட்டுக் கஸ்பார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் படியில் நின்று அறிவித்தார்: மிச்சம் விழாமல் பிரிக்கிற எண்ணை யார் கண்டு சொன்னாலும், அது யாராக இருந்தாலும், ஊரில் அவருக்கு ஒரு முழுப் பங்கு உண்டு, பாவுலு பதினான்கிலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து வாரம்தோறும் இதே படியில் சொல்ல வேண்டும்.

பாவுலு அன்று மத்தியானமே சிமெண்டுத் தாள் ஒன்றை விரித்துப் பென்சிலோடு உட்கார்ந்தார். பதினேழில் ஒன்பது மிஞ்சியது, பத்தொன்பதில் பதினொன்று மிஞ்சியது, இருபத்துமூன்றில் பதினாறு. வெயில் தாழ்வதற்குள் ஐம்பத்தொன்பதுக்கு வந்துவிட்டார். ஐம்பத்தொன்பதை ஐந்நூற்றொன்பதால் பெருக்கினால் முப்பதாயிரத்து முப்பத்தொன்று. ஒட்டவில்லை, உரசவில்லை, கீழே சுழி. மூன்று தரம் போட்டுப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை நான்காகக் கிழித்து அடுப்பில் வைத்துவிட்டு, வெளியே வந்து உட்கார்ந்துகொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெரிய பொய்க்குத் திட்டம் போட்டார். வாரத்துக்கு மூன்று எண் மட்டும் சொல்வது. ஆமை வேகத்தில் போவது. ஐம்பத்தொன்பது வரும்போது முப்பத்தொன்று மிஞ்சுகிறது என்று ஒரு போடு போட்டுவிட்டு அறுபதுக்குப் போய்விடுவது. ஊரில் யாருக்கும் அவ்வளவு பெரிய வகுத்தல் வராது என்பது அவருக்குத் தெரியும்.

அப்படியே வாரம்தோறும் படியில் நின்று சொன்னார். பதினான்கு, பதினைந்து, பதினாறு பார்த்தாயிற்று, மிஞ்சுகிறது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது பார்த்தாயிற்று, மிஞ்சுகிறது. ஊர் முணுமுணுத்துக்கொண்டு கலையும். கூட்டத்தின் ஓரத்தில் இன்னாசியாள் நின்று ஒவ்வொரு எண்ணையும் கேட்டுவிட்டுப் போவாள். அவள் முகத்தில் இன்னும் ஒரு வாரத்துக்கு உயிர் இருக்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பாவுலுக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. இந்தப் பொய்யால் ஒருத்தி குடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பயந்தவள் சும்மா இருப்பாளா? கரை மணலிலிருந்து கடுகு போன்ற சிப்பிகளை முப்பதாயிரத்து முப்பத்தொன்று பொறுக்கி, குடிசைக்குப் பின்னால் மணலைத் தட்டிச் சமன் செய்து, நெத்தலி காயப்போட்டுப் பழகிய விரலால் வரிசை வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு எண். வரிசைக்குப் பதினான்கு வைத்தால் ஒன்று மிஞ்சும், அவளுக்கு மூச்சு வரும்; பதினாறு வைத்தால் பதினைந்து மிஞ்சும், அப்போதும் மூச்சு வரும். நாற்பத்தாறாம் நாள் வரிசைக்கு ஐம்பத்தொன்பதாக வைத்துக்கொண்டே போனவளுக்குக் கடைசி வரிசையின் கடைசி இடத்தில் கடைசிச் சிப்பி போய் உட்கார்ந்தது. கை வெறுமையாக இருந்தது. பாவுலு அந்தப் பக்கமாகக் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருநாள் போனபோது அவள் அவசரமாகச் சாக்கை இழுத்து மூடினாள். நெத்தலி காயுது, நாய் வரும் என்றாள். அவரும் சரிம்மா என்று போய்விட்டார். அந்த இடத்தில் இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இரண்டு பேரும் ஒரே எண்ணை மடியில் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு, நல்லபடியாகத் தலையாட்டிப் பிரிந்தார்கள்.

பதினைந்தாவது ஞாயிற்றுக்கிழமை பாவுலு படியில் நின்று, ஐம்பத்தெட்டுவரை பார்த்தாயிற்று, மிஞ்சுகிறது என்றார். கூட்டம் கலையவில்லை, இன்னாசியாள் முன்னால் வந்துவிட்டாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, யாராக இருந்தாலும் முழுப் பங்கு என்று சொன்ன சொல் நிற்குமா என்று தலைவரைக் கேட்டாள். கோயில் வாசலில் நின்று சொன்ன சொல், நிற்கும் என்றார் கஸ்பார்.

"ஐம்பத்தொம்பது" என்றாள்.

கஸ்பார் பாவுலுவின் பக்கம் திரும்பி, "என்ன வே, சரிதானா?" என்று கேட்டார்.

"இல்ல தலைவரே. முப்பத்தொண்ணு மிஞ்சுது" என்றார் பாவுலு. பதினைந்து வாரமாகத் தயாராக வைத்திருந்த பொய் ஒரு வாரம் முன்னதாகவே வெளியே வந்தது.

இன்னாசியாள் அவரைப் பார்த்த பார்வையை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தினமும் தண்ணீர் நகர்த்தி வைத்த மனிதரா இது என்று கேட்கிற பார்வை அது. "அண்ணே, நீங்களா என் பங்கை மறிக்கிறீய? அடுத்த வாரம் நீங்க சொல்லிப் பங்கு வாங்கிக்கிடலாம்னா?" என்றாள். பிறகு ஊரைப் பார்த்து, எண்ணிப் பார்க்க விருப்பமிருந்தால் என் குடிசைக்குப் பின்னால் வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். ஊரே பின்னால் போனது. சாக்கை விலக்கினாள். ஐந்நூற்றொன்பது வரிசை, வரிசைக்கு ஐம்பத்தொன்பது. அன்றைக்கு முழுக்க எண்ணினார்கள், எட்டு விதவைகளும் முட்டி போட்டு எண்ணினார்கள், ஒரு சிப்பி கூடவில்லை, குறையவில்லை. மர்சலீனாள் ஓடிவந்து இன்னாசியாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி செத்தபிறகு அவள் அன்றுதான் அப்படி அழுதாள். கஸ்பார், பாவுலுக்கு வயசாகிவிட்டது, கணக்குத் தடுமாறுகிறது என்று பெருந்தன்மையாகச் சொல்லி விட்டுவிட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு இன்னாசியாள் சிரித்தாள்.

மறுநாள் ஊரை ஐம்பத்தொன்பது கூறாக்கினார்கள், கூறுக்கு ஐந்நூற்றொன்பது குடம். பொழுது சாயும்போது கஸ்பார், "மிச்சம்?" என்று கேட்க, பாவுலு, "இல்ல" என்று சொல்ல, கோயில் மணி அடித்தார்கள். இன்னாசியாள் குடத்தோடு கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். தன் பங்கு எங்கே என்று கேட்டாள்.

"உனக்கு முழுப் பங்கு உண்டும்மா. தலைவன் சொல்லு மாறாது" என்றார் கஸ்பார். "ஆனா கூறுக்குள்ள ஆளைச் சேக்கிறது கூறுக்காரவுக பாடு. அது தலைவன் கையில இல்ல. எந்தக் கூறு உன்னைச் சேத்துக்கிடுதோ அங்க வாங்கிக்கோ."

அதுவும் முறைதான்; வள்ளத்தில் யாரை ஏற்றுவது என்பதை வள்ளக்காரர்கள்தான் தீர்மானிப்பார்கள். அவள் கூறு கூறாகப் போனாள். முதல் கூறில் பாய் போட்டு உட்கார வைத்து, ஐந்நூற்றொன்பதை வீட்டுக்கு வீடு கணக்குப் பண்ணிப் பிரித்தாகிவிட்டது, நீ வந்தால் மறுபடி முதலிலிருந்து பிரிக்க வேண்டும், அடுத்த கூறில் கேளேன் என்றார்கள். அடுத்த கூறில் வெற்றிலை கொடுத்து, நீ கண்டுபிடித்த எண்ணால்தான் ஊரில் சண்டை தீர்ந்தது, உன்னை யார் வேண்டாம் என்பார்கள், அடுத்த கூறில் ஆள் குறைவு என்றார்கள். ஒருவரும் வாசலை அடைக்கவில்லை, ஒருவரும் கடிந்து பேசவில்லை. தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை, ஏனென்றால் பங்கில் கை வைத்தால் பங்கு குறையும், குறைந்தால் மற்றக் கூறோடு சமம் இருக்காது. மூன்று நாள் நடந்தாள். எட்டு விதவைகளின் எட்டுக் கூறிலும் அவளுக்காக ஜெபித்தார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகலில் ஐம்பத்தொன்பதாவது கூறுக்கு வந்தாள். அது பாவுலுவின் கூறு. அவர் வாசல் நடையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் முற்றத்தில் அவர் வீட்டுப் பங்கு பதின்மூன்று குடமும் ஈரத்துணி மூடி வரிசையாக இருந்தது. கூறுக்காரர்கள் சந்தில் கும்பலாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதடு வெடித்திருந்தது. படியில் உட்கார்ந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், கணக்குத் தடுமாறியது தெரியாமல் அன்றைக்கு உங்களைப் பொய்யர் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லத் தொடங்கினாள். அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்கு மொத நாளே தெரியும்மா. ஐம்பத்தொம்பது. அன்னைக்கே தாளைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். சாகுற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் கோபமே இல்லாத குரலில், கூலி கேட்பதுபோலக் கேட்டாள்:

"அப்ப ஏண்ணே வாரா வாரம் கிட்ட வந்துகிட்டே இருந்தீய? எனக்கும்லா தெரியும். ரெண்டு மாசமா நெஞ்சுக்குள்ள வச்சிருந்தேன். நீங்க ஐம்பத்தெட்டுன்னு சொன்னதும்லா, நீங்க சொல்லுறதுக்கு மிந்தி சொல்லிப்புடுவோம்னு ஓடியாந்தேன்."

பாவுலு சந்தைப் பார்த்தார். நாற்பது வீட்டுக் கூறுக்காரர்களும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு செம்பு மொள்ள எழுந்தால் போதும், கட்டையை ஊன்றி ஆறு எட்டு வைத்தால் குடம். எழுந்தால் நாளைக்கு அவரையும் கூறைவிட்டு நீக்குவார்கள். ஒற்றைக் காலோடு ஐம்பத்தெட்டு வாசல் ஏற வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஒருத்தியைக் காப்பாற்றத் தெரிந்த மனிதருக்குக் கையைத் திறந்து காப்பாற்றத் தெரியவில்லை. நான் ஒற்றை ஆளாக என்னம்மா செய்ய முடியும் என்று முனகினார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். "வாரேண்ணே" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அவளைச் சிப்பி வரிசைகளுக்குப் பக்கத்தில் கண்டார்கள். கடலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள், காலிக் குடம் தலைமாட்டில். ஊர் குறை வைக்கவில்லை. நல்ல துணி போர்த்தி, நான்கு பேர் தூக்கி, மணி அடித்துப் புதைத்தார்கள். பங்குள்ள ஆளை எப்படிப் புதைப்பார்களோ அப்படி. மர்சலீனாள் அழுதாள்.

அன்றைக்குக் கிணறு ஒரு குடம் குறைத்துக் கொடுத்தது. கடைசிக் கூறின் கடைசி வீட்டுக்காரர் குடத்தை இறக்கியபோது அது பாறையில் மோதி வெறுமையாக ஏறி வந்தது. பாவுலு இடப்பக்கச் சாக்குக்குள் கையை விட்டார். அடியில் ஒரு சோழி கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். ஐம்பத்தெட்டுக் கூறுக்குச் சரியாக வந்து ஒரு கூறுக்கு மட்டும் ஒன்று குறைந்ததில் பெரிய சத்தம் கிளம்பியது. கஸ்பார் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, முப்பதாயிரத்து முப்பதைப் பழையபடி இரண்டாகப் பிரித்தால் என்ன வருகிறது பாருங்கள் என்றார். சோழியை மணலில் கொட்டிப் பிரித்தார்கள். சரியாக வந்தது. மூன்றாகப் பிரித்தார்கள், சரியாக வந்தது. ஐந்து, ஏழு, பதினொன்று என்று போகப்போகக் கும்பலுக்கு மூச்சு நின்றது. பதின்மூன்றிலும் சரியாக வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். வள்ளத்தில் எத்தனை இருக்கை உண்டோ அத்தனைக்கும் பிரிகிற எண். இத்தனை நாள் சோதித்த கர்த்தர் இன்றைக்கு ஊரை மன்னித்துவிட்டார். வெட்டிய தெருக்களை ஒட்டினார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கூறுக்குத் திரும்பினார்கள். கோயில் முற்றத்தில் பெரிய அண்டாவில் பாயசம் வைத்தார்கள், தண்ணீருக்குத்தான் இனிமேல் சண்டையே இல்லையே.

குறைந்தது எந்தக் குடம் என்று யாரும் கேட்கவில்லை.

கஸ்பார் தோளில் துண்டோடு கிணற்றடிக்கு வந்து, ஊர் முழுக்கச் சிரித்த முகமாக நிற்க, "மிச்சம்?" என்று கேட்டார்.

"ஒண்ணு" என்றார் பாவுலு.

எல்லோரும் சிரித்தார்கள். பாவம், பழக்கதோஷம் என்றாள் மர்சலீனாள். கஸ்பார் குனிந்து, மூடியிருந்த அவர் கையை விரல் விரலாக மென்மையாகப் பிரித்து, அந்தச் சோழியை எடுத்துப் பார்த்தார். இது கணக்கில் சேராது என்று சொல்லி, கிணற்றுக்குள் போட்டார். அது வெகுநேரம் விழுந்துகொண்டே போனது.

மறுநாளிலிருந்து கணக்குப் பார்க்க வேறு ஆளை உட்கார வைத்தார்கள். பாவுலுக்கு ஓய்வு கொடுத்தார்கள், பங்கில் கை வைக்கவில்லை. எப்போதும்போலப் பதின்மூன்று குடம் கொண்டுவந்து அவர் முற்றத்தில் வரிசையாக இறக்கி, ஈரத்துணியால் மூடிவிட்டுப் போனார்கள். வெயில் ஏறும்வரை அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு தாகம் எடுத்தது. கட்டையை ஊன்றி எழுந்து, ஆறு எட்டு வைத்துப் போய், ஒரு செம்பு மொண்டு குடித்தார்.